பத்து எண்ணும் பழக்கம்

தங்கமாரியின் விரல்களுக்குப் பொறுமை கிடையாது. வாய்க்கு உண்டு; யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். வயிற்றுக்கும் உண்டு, கேண்டீனில் உப்பில்லாத சாம்பாரை ஊற்றினாலும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். விரல்கள் மட்டும் சும்மா இருக்காது. குக்கர் விசில் அடிப்பதற்குள் மூடியைத் தட்டிப் பார்க்கும். கம்பெனி பஸ் ஒரு நிமிஷம் தாமதமானால் கைப்பையைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அதற்காக அவளைக் குறை சொல்லக் கூடாது. அந்த விரல்களை அப்படிப் பழக்கி வைத்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று.

அந்தக் கம்பெனியில் இன்டர்நெட் மோடமும் வைஃபை ரூட்டரும் செய்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த தங்கமாரி, அன்றிலிருந்து இன்றுவரை லைனின் கடைசி ஸ்டேஷனில்தான் நிற்கிறாள். செய்து முடித்த பெட்டி அவள் முன்னால் வந்து நிற்கும். ஒயரைச் சொருக வேண்டும். மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் விளக்கெல்லாம் பச்சையாக நின்றுவிட்டால் பெட்டி பாஸ். பத்து முடிந்தும் ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தாலும் சரி, சிவப்பாக நின்றாலும் சரி, ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்டி ஓரத்துத் தட்டில் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளிய பெட்டிக்கு லைனில் ‘என்ஜி’ என்று பெயர். என்ஜி என்றால் உதவாது, ஒதுக்கு என்று அர்த்தம். பதினொன்று எண்ண அங்கே யாருக்கும் நேரமில்லை; அதற்குள் அடுத்த பெட்டி வந்து இடித்துக்கொண்டு நிற்கும்.

‘எங்க தங்கமாரி இன்டர்நெட்டு செய்யுத கம்பெனியில இருக்கா’ என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கூத்து என்னவென்றால், அவள் வீட்டில் மட்டும் இன்டர்நெட் கிடையாது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. ஞானம்மா என்கிற ஹவுஸ் ஓனர் தன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட நாலு போர்ஷனில் கடைசிப் போர்ஷன். தலைக்கு மேலே ஷீட். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனியின் மதில். உள்ளே செல்போனில் ஒரு கோடுகூட வராது. வாசலில் கிடக்கும் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று கையைத் தூக்கினால் இரண்டு கோடு வரும். அதிலும் ஒன்று எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினமும் அந்தக் கல்லின்மேல்தான் ஏறுவாள். ஊரிலே, அக்கா செல்வலட்சுமி வீட்டிலே, அவளுடைய மகள் மதிவதனி வளர்கிறாள். ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது கொண்டுபோய் விட்டது. தங்கமாரிக்கும் ஷிஃப்ட், புருஷன் இசக்கிபாண்டிக்கும் ஷிஃப்ட். அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விட்டால் பச்சைக் குழந்தையை யார் பார்ப்பது? அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. “எங்கிட்ட குடு, நான் பாத்துக்கிடுதேன்” என்று அவள்தான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். இப்போது மதிவதனிக்கு ஒரு வயது தாண்டி, சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

அன்றைக்கும் தங்கமாரி கல்லின்மேல் நின்றுகொண்டுதான் வீடியோ கால் போட்டாள். அக்காவின் முகம் வந்தது. மடியில் குழந்தை. “ஏட்டி, இன்னைக்கு இவ என்னைய...” என்று அக்கா ஆரம்பித்தாள், படம் அப்படியே உறைந்துவிட்டது. குழந்தையின் வாய் பாதி திறந்தபடி நின்றது. தங்கமாரி காலை வெட்டினாள், மறுபடி போட்டாள், இன்னொரு தரம் வெட்டினாள். கடைசியில் சாதாரணக் காலாகத்தான் பேச முடிந்தது.

“என்னக்கா சொன்ன? காதுல விழல.”

அக்கா மெதுவாகச் சொன்னாள். “என்னைய அம்மான்னு கூப்பிட்டுட்டாட்டி. நான் சொல்லிக் குடுக்கல. சத்தியமா சொல்லிக் குடுக்கல. அதுவாக் கூப்பிட்டுச்சி.”

அந்தக் குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. “அதுக்கென்னக்கா, கூப்பிடட்டும்” என்று தங்கமாரி சொன்னாள். சொல்லிவிட்டுக் கல்லிலிருந்து இறங்கி, உள்ளே போய், பானைத் தண்ணீரைச் செம்பு நிறைய மொண்டு குடித்தாள். அக்காவைக் கோபிக்க முடியுமா? ராத்திரியும் பகலும் தூக்கிச் சுமக்கிறவளை அம்மா என்று கூப்பிடாமல் குழந்தை வேறு எப்படிக் கூப்பிடும்? கோபிக்க ஆளில்லாத துக்கம் இருக்கிறதே, அதைப்போல ஒரு பாரம் வேறில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சந்திரலேகாவின் போன் வந்தது. முன்பு லைனில் இவளுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நின்றவள். இப்போது சென்னையில் ஓர் ஆபீஸில் இருக்கிறாள். ஸ்கேன் சென்டர்களுக்குப் போன் செய்து நேரம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் ஆபீஸ் அது. வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிற வேலை ஒன்று காலி இருக்கிறதாம். லேப்டாப்பை அவர்களே அனுப்பிவிடுவார்களாம். “ஆனா தங்கம், செல்போன் நெட்டெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. வீட்டுக்குன்னு தனி லைன் இருக்கணும். திங்கக்கெழம காலைல ட்ரையல். மத்தியானம் வரைக்கும் லைன் கட்டாம நின்னா வேலை உனக்கு. நடுவுல கட்டாச்சுன்னா அடுத்த ஆளக் கூப்டுவாங்க.”

வீட்டிலேயே வேலை என்றால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். தங்கமாரிக்கு வேறு கணக்கே தோன்றவில்லை. இசக்கிபாண்டிதான் தலையைச் சொறிந்தான்.

“அக்கா நல்லாத்தான பாக்காவ. இன்னும் ஒரு வருசம் போட்டுமே. பிள்ளைய வாங்கிட்டு வந்துட்டா அவ்வோ மனசு என்ன பாடுபடும்?”

“எம் மனசு என்ன பாடுபடுதுன்னு கேட்டீங்களா?” என்றாள் தங்கமாரி. அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான். நல்ல மனுஷன்தான். யாருக்கும் வலிக்கக் கூடாது என்று நினைப்பவன். அப்படி நினைப்பவர்களால் எந்த முடிவையும் எடுக்க முடிவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம், படப்பையில் இருக்கும் கேபிள் ஆபீஸிலிருந்து ஹேமந்த் வந்தான். தோளில் கேபிள் சுருள், கையில் இரண்டு பெட்டி. ஞானம்மாவின் டிவிக்கு வரும் கேபிளிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஜன்னல் வழியாகக் கடைசிப் போர்ஷனுக்குள் இழுத்தான். பெரிய பெட்டி மோடம். கேபிளில் வரும் இன்டர்நெட்டைப் பிடித்து இறக்குவது அதன் வேலை. சின்னப் பெட்டி ரூட்டர். இறக்கியதை ஒயரில்லாமல் வீடு முழுக்கப் பரப்புவது அதன் வேலை. ஹேமந்த் இதை விளக்க வாயைத் திறந்ததும் ஞானம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“டேய் ஹேமந்து, யாருக்கு இன்னாத்த சொல்லிக்கினு கீற? இந்தப் பொட்டியெல்லாம் செய்றதே இந்தப் பொண்ணுதாண்டா. அதுக்கே நீ பாடம் எடுக்கறியா?”

தங்கமாரிக்கு உள்ளூர ஜில்லென்றிருந்தது. ஊரைவிட்டு வந்து இத்தனை காலத்தில் அவளுடைய வேலையை ஒருத்தர் இப்படி நாலு பேர் கேட்க உயர்த்திச் சொன்னதில்லை. ஹேமந்த் மோடத்தில் கேபிளை முடுக்கி, கரன்ட் கொடுத்தான். விளக்குகள் சிமிட்ட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது. மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டதாம். அந்தப் பக்கம் இரண்டு தெருவுக்கு டிவி இல்லையாம்.

“மேடம், ஒரு நிமிசம், இத கேட்டுக்கோங்க. மொதல்ல மோடம் லைட்டு நாலும் நிக்கணும், அப்பறமாதான் ரூட்டர போடணும். இந்த லைட்டு நிக்கறதுக்கு கொஞ்சம்...”

“நீங்க போங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன். இத்தன வருசமா இதத்தான பாக்கேன்” என்றாள் தங்கமாரி.

ஹேமந்த் ஓடிவிட்டான். அவன் சொல்லவந்து நின்றுபோன வார்த்தை ‘டைம் ஆவும்’ என்பதுதான். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தங்கமாரி மோடத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பத்து எண்ணினாள். முதல் விளக்கு பச்சையாக நின்றது. மற்ற மூன்றும் சிமிட்டிக்கொண்டே இருந்தன. பத்து முடிந்தது. அவள் நினைப்பதற்கு முன்னால் கை போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. மறுபடி சொருகினாள். பத்து. மறுபடி பிடுங்கினாள். கேபிளைக் கழற்றி, முனையை முந்தானையால் துடைத்து, திருகி முடுக்கினாள். பத்து. பிடுங்கினாள். பின்பக்கம் ஊசித்துளை மாதிரி ஒரு ரீசெட் துளை இருக்கும். சேலையிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி அதைக் குத்தினாள். ரூட்டரையும் விட்டுவைக்கவில்லை, ஹேமந்த் வரும்போதே போட்டுக்கொண்டு வந்திருந்த பெயரும் பாஸ்வேர்டும் அந்த ஒரு குத்தில் அழிந்து போயின. ஞானம்மா வாசற்படியில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்வதைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தது. விளக்கு நிற்கவில்லை.

“இன்னா தங்கம், ரிப்பேரா?”

“ஆமா ஆன்ட்டி. பெட்டி என்ஜி” என்றாள். சொல்லிவிட்டு, வீட்டில் சிவப்பு டேப் இல்லாததால், கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்து மோடத்தின் நெற்றியில் ஒட்டினாள். பழக்கம்! ஒட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இங்கே தட்டும் இல்லை, அடுத்த பெட்டியும் இல்லை. இருக்கிறது இது ஒன்றுதான்.

ஹேமந்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை, ஏதோ கம்பத்தின் மேலே இருந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை கேபிள் ஆபீஸ் பூட்டு. கல்லின்மேல் நின்று விடியற்காலையிலிருந்து கூப்பிட்டாள், சுவிட்ச் ஆஃப். இறங்கி வந்து மறுபடி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். சொருகினாள், எண்ணினாள், பிடுங்கினாள்.

இசக்கிபாண்டி டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, “பேசாம லேப்டாப்ப அந்தக் கல்லு மேல வச்சி வேல பாரேன். நான் கொடை பிடிக்கேன்” என்றான்.

தங்கமாரி சிரிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலைக்கு வந்த புதிதில் கம்பெனி ஹாஸ்டலில் அழுததற்குப் பிறகு அவள் இப்படிச் சத்தம் போட்டு அழுததில்லை.

“எம்பிள்ள எனக்கு வேணும். அது என்னைய போன்லதான் பாக்கு. நான் அதுக்கு ஒரு படம். பேசிட்டே இருக்கும்போது நின்னுபோற படம். இன்னும் ஒரு வருசம் போச்சுன்னா நேர்ல போய் நின்னாலும் யாருன்னு கேக்கும். இந்தப் பாழாப்போன பெட்டி...” என்று சொல்லிக்கொண்டே அதன் தலையில் ஓர் அடி வைத்தாள்.

தன்னுடைய ‘இன்னும் ஒரு வருசம்’ அவளை எங்கே குத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கீழே உட்கார்ந்து, “சரி, இன்னொரு வாட்டி போடு. நானும் எண்ணுதேன்” என்றான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் சொருகினாள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆறோ ஏழோ எண்ணும்போது முன்வீட்டிலிருந்து ஞானம்மாவின் குரல் மதிலைத் தாண்டிப் போனது.

“தண்ணி வந்துட்ச்சீ! ஏய், தண்ணி வந்துட்ச்சி, எல்லாரும் வாங்க! இன்னைக்கு சீக்கிரம் நிறுத்திடுவானாம்!”

பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் பிணம் விழுந்தாலும் அப்புறம்தான். இரண்டு நாளாக வராத தண்ணீர். இசக்கிபாண்டி டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடினான். தங்கமாரி இரண்டு கையிலும் இரண்டு குடம், இடுப்பில் ஒன்று. குழாயடியில் வழக்கம்போலச் சண்டை. இரண்டாவது போர்ஷன்காரர் வரிசையில் செருப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார். செருப்புக்கெல்லாம் தண்ணி கிடையாது என்று ஞானம்மா அதை எடுத்து வீசினாள். தங்கமாரி போனாள், வந்தாள், மறுபடி போனாள். டிரம் நிறைந்து, பானை நிறைந்து, பக்கெட் நிறைந்து, கடைசியில் சோறு வடிக்கிற பாத்திரம்கூட நிறைந்தது. குழாய் நின்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது.

கடைசிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சிவப்புப் பொட்டுக்குக் கீழே நாலு விளக்கும் பச்சையாக நின்றன. ஒன்றுகூடச் சிமிட்டவில்லை.

“ஏங்க...” என்றாள். இசக்கிபாண்டி ஈரக் கையோடு பின்னாலேயே வந்தான். எட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியிடம் போனான்.

“தொடாதீங்க!” என்று கத்தினாள்.

அவன் கையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான். “இது என்ன தங்கம், நாம இல்லாத நேரமாப் பாத்து வேல செய்யுது? வெக்கமா அதுக்கு?”

வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை. கம்பெனியில் சிக்னல் பக்கத்து அறையிலிருந்து வருகிறது; பத்து எண்ணுவதற்குள் பெட்டிக்கு எல்லாம் கிடைத்துவிடும். இங்கே படப்பையிலிருந்து கம்பம் கம்பமாகத் தாண்டி, ஞானம்மாவின் டிவிக்கும் பங்கு கொடுத்துவிட்டு வர வேண்டும். புதுப் பெட்டி தனக்கான சிக்னல் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடிக்கிற நேரம் அதற்கு வேண்டும். தேடித் தேடிப் பக்கத்தில் வரும்போதெல்லாம் இவள் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் ஒவ்வொரு தரமும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது, பாவம்.

தங்கமாரிக்கு இது புரிய வெகுநேரம் ஆகவில்லை. குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். “கெட்டுப் போகல. நாந்தான் விடல” என்றாள். அப்புறம் ஒருமாதிரிக் குரலில் சொன்னாள்: “அங்க நான் டேப்பு ஒட்டித் தள்ளுனதெல்லாம்... அதுலயும் எத்தன பெட்டி பதினொண்ணுல வந்திருக்குமோ.”

“அத இப்ப எண்ணாத. கொடத்த எறக்கு” என்றான் அவன்.

ரூட்டரை அவள் அவசரமில்லாமல் போட்டாள். கரன்ட் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் அடியில் துடித்தன. எழுந்து வரப் பார்த்தன. விடவில்லை. ரூட்டரின் அடியில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, ஆபீஸிலிருந்து வந்திருந்த லேப்டாப்பைச் சேர்த்தாள். வைஃபைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. ‘மதிவதனி’ என்று வைத்தாள். இசக்கிபாண்டியின் செல்போனில் அந்தப் பெயர் முதல் வரியாக வந்தது.

திங்கட்கிழமை ட்ரையலின்போது ஞானம்மா செய்த காவலை ஒரு பட்டாளம்கூடச் செய்திருக்காது. போர்ஷன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் போர்ஷனில் மிக்சி போட்டவளை அதட்டி நிறுத்தினாள். ஷிஃப்ட் முடிந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பையன்களை, “டேய், உள்ள ஆபீசு நடந்துகினு கீது, மூட்றா வாய” என்று அடக்கினாள். உள்ளே, கம்பெனிக்கு லீவு போட்டிருந்த தங்கமாரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று முகம் தெரியாத யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் சந்திரலேகா லைனில் வந்தாள். “ஒரு தடவகூட கட்டாகல தங்கம். அடுத்த மாசம் ஜாயின் பண்ணிடு” என்றாள். தங்கமாரி ஹெட்போனைக் கழற்றினாள். நேரே வாசலுக்கு வந்து ஞானம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “இன்னாடி, இன்னாடி” என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, எதற்கென்று கேட்காமல் ஞானம்மாவும் அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் அக்கா குழந்தையைக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் விடிய விடிய உட்கார்ந்து வந்த களைப்பு முகமெல்லாம். ஒரு பையில் அவளுடைய துணி. மூன்று பையில் குழந்தையுடையது. தங்கமாரி கையை நீட்டியதும் மதிவதனி வீறிட்டாள். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் காதுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

நாலு போர்ஷன்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. “வெடுக்குன்னு வாங்கிடு, ரெண்டு நாள் கத்தும், சரியாயிடும்.” “மிட்டாய் காட்டுங்க.” இசக்கிபாண்டி பொம்மைக் காரோடு பின்னாலேயே சுற்றினான். தங்கமாரி நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டாள். சுவரோரமாக உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். “இருக்கட்டும்” என்றாள்.

ஒரு வாரம் அக்கா இருந்தாள். தங்கமாரி வேலை பார்க்க, அக்கா குழந்தையைப் பார்த்தாள். போகப் போக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பருப்புச் சோற்றில் நெய் விட்டால்தான் வாயைத் திறப்பாள். தூங்கும்போது முந்தானை முனை கைக்குள் இருக்க வேண்டும். ராத்திரி அழுதால் தூக்கக் கூடாது, முதுகைப் பையத் தடவ வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி நாளன்று சேலையை மடித்தபடி நிறுத்தினாள்.

“எனக்குக் கோவமில்லட்டி. உம்பிள்ள, நீ வாங்கிக்கிடுத. ஆனா வயிறு எரியுது. பொய் சொல்ல வரல எனக்கு.”

“எரியாம இருக்குமாக்கா” என்றாள் தங்கமாரி. வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

குழந்தை தூங்கும்போது கிளம்பிவிடுகிறேன் என்று அக்கா சொன்னாள். “வேண்டாங்க்கா. முழிச்சதும் தேடும். எங்க போயிட்டன்னு தெரியாமத் தேடும். சொல்லிட்டே போ” என்றாள் தங்கமாரி. அக்கா சொல்லிவிட்டுத்தான் போனாள். தெருமுனை திரும்பும்வரை குழந்தை அலறியது. அன்று முழுக்க அலறியது. தங்கமாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கை எட்டும் தூரத்தில், தொடாமல். சாயங்காலம் மதிவதனி தானாகவே தவழ்ந்து அலமாரிப் பக்கம் போனாள். அங்கே மோடம் இருந்தது. எழுந்து நின்று, பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். அப்புறம் அந்தச் சிவப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். நேராக வந்து தங்கமாரியின் முழங்காலில் ஒட்டிவிட்டு, மறுபடியும் போய்விட்டாள்.

மறுநாள் மாலை அக்கா வீடியோ காலில் வந்தாள். தங்கமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செல்போனை முன்னால் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தாள். கல்லின்மேல் ஏற வேண்டியதில்லை. கையைத் தூக்க வேண்டியதில்லை. அக்காவின் முகம் தெள்ளத் தெளிவாக வந்தது. கண் வீங்கியிருந்ததுகூடத் தெரிந்தது. மதிவதனி தத்தித் தத்தி வந்து செல்போனுக்கும் தங்கமாரிக்கும் நடுவில் நின்றாள்.

“அம்மா!” என்றாள் அக்காவைப் பார்த்து.

இசக்கிபாண்டி பதறிப்போய், “ஏ, அது பெரியம்மாடா, பெரியம்மா...” என்று குனிந்தான். தங்கமாரி அவன் கையைப் பிடித்தாள்.

“விடுங்க. அம்மாதான. கூப்பிடட்டும்.”

செல்போனுக்குள் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முன்பு இந்த மாதிரி நேரத்தில் படம் உறைந்துபோகும், கால் தானாக வெட்டிக்கொள்ளும், இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள். இப்போது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அக்கா அழுவதைத் தங்கமாரி பார்த்தாள். தங்கமாரி பார்ப்பதை அக்காவும் பார்த்தாள். கடைசியில் அக்காதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

“ஆமாட்டி கண்ணு, நானும் அம்மாதான். இன்னொரு அம்மா ஒனக்குப் பின்னால இருக்கா பாரு. திரும்பிப் பாரு.”

குழந்தை திரும்பிப் பார்த்தாள். தங்கமாரியின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. அவள் எண்ணவில்லை. மதிவதனி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் செல்போன் பக்கம் திரும்பி, பின்னால் பார்க்காமலேயே, தொப்பென்று அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.